அணைக்க இயலாத வெப்பம்: விண்கலங்களில் கதிரியக்கச் சிதைவு ஆற்றலும் பழவேற்காட்டுக் கரையும்

ஆய்வுச்சுருக்கம்

கதிரவன் ஒளி எட்டாத தொலைவிலும் நிலவின் நீண்ட இரவிலும் விண்கலங்களைக் காக்கக் கதிரியக்கச் சிதைவில் பிறக்கும் வெப்பம் பயன்படுகிறது. 2023 ஜூலை 14 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட சந்திரயான்-3இன் உந்துகலம், பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய இரண்டு கதிரியக்க வெப்பிகளைச் சுமந்து சென்றது. ஒவ்வொன்றின் திறனும் ஒரு வாட். இவ்வெப்பம் பிறக்கும் முறை, அதற்கேற்ற பொருள்கள், அது மின்னாற்றலாக மாறும் வழி, கடந்தகால விபத்துகள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. சிதைவு வெப்பத்தை எவராலும் அணைக்க முடியாது. அதன் பயனுக்கும் அதனால் விளையக்கூடிய இடருக்கும் இந்த ஒரே பண்புதான் காரணம். ஆகவே, எரிபொருளை அடைக்கும் உறையும் ஏவுதளத்தை அடுத்து வாழும் மக்களுக்கு முன்கூட்டித் தரப்படும் தகவலும் இத்தொழில்நுட்பத்தின் உறுப்புகளாகவே கருதப்பட வேண்டும் என்பது கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்

கதிரியக்கச் சிதைவு, ஓரிடத்தான், புளூட்டோனியம்-238, கதிரியக்க வெப்பி, வெப்பமின்னாக்கி, சந்திரயான்-3, பழவேற்காடு, ஸ்ரீஹரிகோட்டா

முன்னுரை

சென்னை – கூடூர் இருப்புப்பாதையில் மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் இடையில் அமைந்த ஊர் அனுப்பம்பட்டு. இதன் கிழக்கிலும் வடகிழக்கிலும் பழவேற்காட்டு ஏரியையும் கடலையும் நம்பி வாழும் மீனவ ஊர்கள் பரவியுள்ளன. அனுப்பம்பட்டிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 45 கி.மீ. வடக்கே, ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடைப்பட்ட ஸ்ரீஹரிகோட்டாத் தீவில், சதீஷ் தவான் விண்வெளி மையத்தின் ஏவுதளங்கள் உள்ளன. 1971 அக்டோபர் 9 அன்று ரோகிணி-125 என்னும் சிறு ராக்கெட் அத்தீவிலிருந்து முதன்முதலாக ஏவப்பட்டது. ராக்கெட் ஏவப்படும் நாள்களில் பழவேற்காட்டு மீனவர் கடலுக்குச் செல்ல வேண்டா என்னும் அறிவிப்பு வெளியிடப்படுவது வழக்கமாகிவிட்டது. எனவே ஏவுதல் என்பது இப்பகுதியினருக்கு வானில் தோன்றி மறையும் காட்சி மட்டுமன்று. ஒரு நாள் தொழிலை நிறுத்திவைக்கும் நிகழ்வுமாகும்.

2023 ஜூலை 14 பிற்பகல் 2.35 மணிக்கு எல்.வி.எம்.3 ஏவூர்தி சந்திரயான்-3ஐச் சுமந்து எழுந்தது. தரையிறங்கும் கலமான விக்ரமும் ஊர்தியான பிரக்யானும் உலகின் கவனத்தை ஈர்த்தன. அவற்றை நிலவுவரை கொண்டுசேர்த்த உந்துகலத்தில் இரண்டு கதிரியக்க வெப்பிகள் இருந்தன என்னும் செய்தி, தரையிறக்கம் முடிந்து வாரங்கள் சில கழிந்த பின்னரே நாளிதழ்களின் வழியாகப் பரவலாக அறியப்பட்டது. இரண்டு வாட் என்பது ஒரு சிறிய எல்.இ.டி. இரவு விளக்கு எடுத்துக்கொள்ளும் ஆற்றலின் அளவே. எனினும், இந்திய விண்வெளித் துறையும் அணுசக்தித் துறையும் இணைந்து எடுத்துவைத்த அடி என்ற வகையில் அது விரிவாக நோக்கத்தக்கது.

1. சொற்களும் பொருளும்

'அணு' என்னும் சொல் தமிழ்ப் பொதுவழக்கில் அணுகுண்டையும் அணு உலையையும் உடனே நினைவூட்டுகிறது. சிதைவு வெப்பம் இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. அணு உலையில் நடைபெறுவது அணுக்கருப் பிளவு. ஒரு நியூட்ரான் யுரேனியம் போன்ற கனமான அணுக்கருவைப் பிளக்க, அதிலிருந்து வெளிப்படும் நியூட்ரான்கள் அடுத்தடுத்த அணுக்கருக்களைப் பிளக்கின்றன. இத்தொடர்வினையைக் கட்டுப்பாட்டுத் தண்டுகளால் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம்.

சிதைவு என்பது தொடர்வினை அன்று. நிலையற்ற அணுக்கரு ஒன்று புறத்தூண்டல் ஏதுமின்றித் தானே ஒரு துகளை உமிழ்ந்து வேறொரு தனிமத்தின் அணுக்கருவாக மாறுகிறது. எந்த அணுக்கரு எப்போது சிதையும் என்பதை முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆனால், பெருந்திரளான அணுக்கருக்களில் பாதி சிதைவதற்கு ஆகும் காலம் மாறாதது. அதுவே அரைவாழ்வுக் காலம் எனப்படுகிறது. வெப்பநிலை, அழுத்தம், வேதிச் சேர்க்கை ஆகியவை அதை நடைமுறையில் மாற்றுவதில்லை. எனவே சிதைவு வெப்பத்திற்கு முடுக்கமும் இல்லை, தடையும் இல்லை.

ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறையுடைய அணுக்களைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'ஐசோடோப்பு' என்றும், ஈழத்துப் பாடநூல்கள் 'சமதானி' என்றும் வழங்குகின்றன. தனிம வரிசை அட்டவணையில் ஒரே இடத்தைப் பெறுபவை என்னும் பொருளில் அமைந்த 'ஓரிடத்தான்' என்னும் சொல் இக்கட்டுரையில் ஆளப்படுகிறது. வெப்பத்தை வெப்பமாகவே பயன்படுத்தும் கருவி 'கதிரியக்க வெப்பி' என்றும், அதனை மின்னாற்றலாக மாற்றும் கருவி 'வெப்பமின்னாக்கி' என்றும் குறிக்கப்படுகின்றன. இவற்றை 'அணு மின்கலம்' என்று பொதுப்பட அழைப்பது பொருந்தாது. மின்கலம் தன்னுள் தேக்கிய ஆற்றலைத் தேவைப்படும்போது தருவது. சிதைவுப் பொருளோ தேவை இருப்பினும் இல்லாவிடினும் தந்துகொண்டே இருப்பது.

2. வெப்பம் பிறக்கும் முறை

இத்துறையில் மிகுதியாகப் பயன்படுவது புளூட்டோனியம்-238. அணுகுண்டில் பயன்படும் புளூட்டோனியம்-239 இதனின் வேறானது. புளூட்டோனியம்-238இன் அரைவாழ்வுக் காலம் 87.7 ஆண்டுகள். அதன் அணுக்கரு ஓர் ஆல்ஃபா துகளை உமிழ்ந்து யுரேனியம்-234 ஆகிறது. ஒரு கிராம் புளூட்டோனியம்-238இல் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 63,000 கோடி அணுக்கருக்கள் சிதைகின்றன. ஒவ்வொரு சிதைவிலும் ஏறத்தாழ 56 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வெளிப்படுகிறது. ஆல்ஃபா துகள் கனமானது, மின்னேற்றம் கொண்டது. ஆதலால், எரிபொருளுக்குள் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுத் தொலைவைக் கடப்பதற்குள் தன் வேகத்தை இழந்து நின்றுவிடுகிறது. இழந்த வேகமே வெப்பமாகிறது. இவ்வாறு ஒரு கிராம் தூய புளூட்டோனியம்-238 தொடர்ச்சியாக 0.57 வாட் வெப்பத்தைத் தருகிறது.

ஒரு கிராமுக்கு அரை வாட் என்பது சிறிதாகத் தோன்றலாம். காலத்தோடு பெருக்கிப் பார்க்கும்போது அதன் பெருமை விளங்கும். 1977-இல் ஏவப்பட்ட வாயேஜர் கலங்களின் எரிபொருள், 50 ஆண்டுகளுக்குப் பின்னும் தொடக்க வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தந்துகொண்டிருக்கும். எரிபொருள் நிரப்பவோ பழுது பார்க்கவோ எவரும் செல்ல முடியாத இடத்தில் இத்தகைய நீடிப்புக்கு ஈடான வேறு வெப்பமூலம் இல்லை எனலாம்.

3. பொருள் தேர்வு

சிதையும் பொருள்கள் பலவாயினும் விண்கலத்துக்கு ஏற்றவை சிலவே. அரைவாழ்வுக் காலம் குறுகினால் வெப்பம் மிகும், ஆனால் விரைவில் தீர்ந்துவிடும். நீண்டால் நெடுநாள் வரும், ஆனால் வெப்பம் குறையும். பொலோனியம்-210 ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 140 வாட் தருகிறது. அதன் அரைவாழ்வுக் காலமோ 138 நாள்களே. 1970 நவம்பரில் நிலவில் இறங்கிய சோவியத் ஊர்தியான லுனோகோத்-1, தன் கருவிகளை இரவுக் குளிரிலிருந்து காக்கப் பொலோனியம்-210ஐப் பயன்படுத்தியது. சில மாதப் பணிக்கு அது போதுமானதாக இருந்தது.

மற்றொரு முனையில் இருப்பது அமெரிசியம்-241. அதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 432 ஆண்டுகள். தரும் வெப்பம் ஒரு கிராமுக்கு 0.11 வாட் அளவே. புளூட்டோனியம்-238ஐ விட ஐந்து மடங்கு எடையைச் சுமக்க வேண்டும். ஆயினும், நெடுநாள் சேமிக்கப்பட்ட உலைப் புளூட்டோனியத்தில் உள்ள புளூட்டோனியம்-241 சிதைவதால் அமெரிசியம்-241 தானே உருவாகிறது. அதனைப் பிரித்தெடுத்தால் போதும். இவ்வசதி கருதியே ஐரோப்பிய விண்வெளி முகமை இப்பொருளில் நாட்டம் செலுத்தி வருகிறது.

புளூட்டோனியம்-238ஐப் பெறுவது இவ்வளவு எளிதன்று. பயன்படுத்தப்பட்ட அணு உலை எரிபொருளிலிருந்து நெப்டியூனியம்-237ஐப் பிரித்து, அதனை மீண்டும் உலையில் வைத்து நியூட்ரான்களைச் செலுத்தி, விளைபொருளை வேதிமுறையில் பிரித்தெடுக்க வேண்டும். மறுசெயலாக்க ஆலையும் ஆய்வு உலையும் சேர்ந்திருக்கும் நாடுகளே இதனைச் செய்ய முடியும். டிராம்பேயில் 1964 முதல் மறுசெயலாக்க அனுபவம் பெற்றதும், கல்பாக்கத்தில் மறுசெயலாக்க ஆலையும் வேக ஈனுலையும் கொண்டதுமான இந்தியா அத்தகைய நாடுகளுள் ஒன்று.

ஸ்ட்ரான்சியம்-90 மலிவானது, உலைக் கழிவில் மிகுதியாகக் கிடைப்பது. சோவியத் ஒன்றியம் தொலைவிடக் கலங்கரை விளக்கங்களுக்கு இதனைப் பெருமளவில் பயன்படுத்தியது. ஆனால் இதன் பீட்டா துகள்கள் சுற்றியுள்ள பொருளில் மோதும்போது ஊடுருவும் எக்ஸ் கதிர்கள் பிறக்கின்றன. அவற்றைத் தடுக்கக் கனமான உலோகக் காப்பு வேண்டும். எடை குறைய வேண்டிய விண்கலத்துக்கு இது பொருந்துவதில்லை. ஆல்ஃபா கதிரையோ ஒரு தாளும் தடுக்கும். மனிதத் தோலின் மேலடுக்கும் தடுக்கும். புளூட்டோனியம்-238இன் முதன்மையான ஆபத்து, அது நுண்தூளாகி மூச்சின் வழியாக நுரையீரலில் தங்குவதிலேயே உள்ளது. பின்னர் விளக்கப்படும் காப்பு முறைகள் அனைத்தும் இந்த ஒன்றைத் தடுப்பதையே நோக்கமாகக் கொண்டவை.

4. வெப்பியும் மின்னாக்கியும்

கதிரியக்க வெப்பி மிக எளிய அமைப்புடையது. அமெரிக்க விண்கலங்களில் பயன்படும் ஒரு வாட் வெப்பியில் 2.7 கிராம் புளூட்டோனியம் டையாக்சைடு உள்ளது. அது பிளாட்டினம்–ரோடியம் கலப்புலோகக் குப்பியில் அடைக்கப்பட்டு, வெப்பங்கடத்தாக் கிராஃபைட் அடுக்குகளாலும், புறத்தே கரிம இழைகளால் நெய்த உறையாலும் சூழப்பட்டுள்ளது. மொத்த எடை 40 கிராம். கைக்குள் அடங்கும் இந்த உருளையில் அசையும் உறுப்போ மின்கம்பியோ இல்லை.

வெப்பமின்னாக்கி இதன் அடுத்த நிலை. இரு வேறு கடத்திகளை இணைத்து ஒரு முனையைச் சூடாகவும் மறு முனையைக் குளிராகவும் வைத்தால் மின்னழுத்தம் தோன்றும் என்பதை 1821-இல் தாமஸ் யோகான் சீபெக் கண்டறிந்தார். சிதைவு வெப்பம் ஒரு முனையைச் சூடாக்க, விண்வெளியை நோக்கிய தகடுகள் மறு முனையைக் குளிர்விக்கின்றன. இம்மாற்றத்தில் மின்னாற்றலாவது நூற்றுக்கு ஆறு அல்லது ஏழு பங்கே. 2012-இல் செவ்வாயில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தி 4.8 கிலோகிராம் புளூட்டோனியம் டையாக்சைடைச் சுமந்தது. அதிலிருந்து வந்த 2,000 வாட் வெப்பம் 110 வாட் மின்திறனைத் தந்தது. எஞ்சிய வெப்பமும் வீணாவதில்லை. கருவிகளைக் குளிரிலிருந்து காக்கப் பயன்படுகிறது.

இவ்வகைக் கருவி முதன்முதலாக 1961 ஜூனில் டிரான்சிட்-4ஏ என்னும் செயற்கைக்கோளில் விண்ணுக்குச் சென்றது. அதன் திறன் 2.7 வாட் மட்டுமே. அப்போலோ-12 வீரர்கள் 1969-இல் நிலவில் நிறுவிய ஆய்வுக் கருவிகளும், சனியை ஆராய்ந்த காசினியும், புளூட்டோவைக் கடந்த நியூ ஹொரைசன்சும் இவ்வழியிலேயே இயங்கின. சனியின் தொலைவில் கதிரவன் ஒளி புவியில் இருப்பதன் தொண்ணூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது என்பதை எண்ணினால் இதன் தேவை புலப்படும்.

5. நிலவின் இரவும் சந்திரயான்-3உம்

நிலவில் ஓர் இரவு ஏறத்தாழ 14 புவி நாள்கள் நீள்கிறது. அப்போது தென்துருவத்தை அடுத்த பகுதிகளில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே நூறு டிகிரி செல்சியஸுக்கும் மேலாக இறங்குகிறது. அக்குளிரில் மின்கலத்தின் வேதிநீர்மம் உறைகிறது. மின்னணுச் சுற்றுகளின் பற்றவைப்புகள் சுருங்கி விரிசல் விடுகின்றன.

மின்கலத்தைக் கொண்டே இரவைக் கடக்க முடியுமா என்பதை எளிய கணக்கொன்றால் அறியலாம். ஒரு வாட் வெப்பத்தை 354 மணி நேரம் தொடர்ந்து தர 354 வாட்-மணி ஆற்றல் வேண்டும். ஒரு கிலோகிராமுக்கு 150 வாட்-மணி தேக்கும் லித்தியம் அயனி மின்கலம் எனக் கொண்டால், அதற்கு 2.4 கிலோகிராம் எடை ஆகும். அதே வெப்பத்தை 40 கிராம் கதிரியக்க வெப்பி தருகிறது. அடுத்த இரவிலும், அதற்கடுத்த இரவிலும் தருகிறது. எடை வேறுபாடு அறுபது மடங்கு.

2023 ஆகஸ்ட் 23 அன்று விக்ரம் நிலவின் தென்துருவத்தை அடுத்த பகுதியில் இறங்கியது. விக்ரமும் 26 கிலோகிராம் எடையுள்ள பிரக்யானும் ஒரு நிலவுப் பகல் பணிக்காகவே வடிவமைக்கப்பட்டவை. அப்பணி நிறைவேறியபின், செப்டம்பர் தொடக்கத்தில் அவை உறக்க நிலையில் வைக்கப்பட்டன. செப்டம்பர் 22 அளவில் கதிரவன் மீண்டும் எழுந்தபோது அவற்றிடமிருந்து மறுமொழி வரவில்லை. இதனைத் தோல்வி எனல் பொருந்தாது. ஆயினும், ஒரு பகலுக்கும் பல ஆண்டுகளுக்கும் இடையே நிற்கும் தடை எது என்பதை இது தெளிவாகக் காட்டுகிறது. ஒப்பிட்டு நோக்கின், 2019 ஜனவரியில் நிலவின் மறுபக்கத்தில் இறங்கிய சீனாவின் சாங்-இ-4 கதிரியக்க வெப்பத்தின் துணையால் பல இரவுகளைக் கடந்துள்ளது.

இந்திய வெப்பிகள் தரையிறங்கும் கலத்தில் வைக்கப்படாமல் உந்துகலத்தில் வைக்கப்பட்டதற்கு எடை கூடும் என்பதே காரணமாகக் கூறப்பட்டது. நாற்பது கிராம் எடைக்கு இத்தனை தயக்கம் ஏன் என்னும் ஐயம் எழலாம். ஒரு கலத்தை முழுமையாகக் காக்க ஒரு வாட் போதாது. பல வெப்பிகள் வேண்டும். மேலும், வெப்பத்தை அணைக்க முடியாது என்னும் பண்பு இங்கே குறுக்கிடுகிறது. இரவில் காக்கும் அதே வெப்பி பகலிலும் சுடும். விக்ரம் இறங்கிய இடத்தில் நிலவின் மேற்பரப்பு பகலில் 70 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்ததை அதன் வெப்ப ஆய்வுக்கருவி பதிவு செய்தது. பகல் வெப்பத்தோடு சிதைவு வெப்பமும் சேராதிருக்க, இரவில் வெப்பத்தைக் கருவிகளுக்குள் செலுத்தவும் பகலில் வெளியேற்றவும் வல்ல தனி அமைப்பு தேவை. எடை கூடுவது அதனாலேயே. எனவே, விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3இல், இவ்வெப்பிகள் செய்முறைத் தேர்வாகவே உந்துகலத்தில் இடம்பெற்றன.

இதன் அடுத்த கட்டமும் திட்டமிடப்பட்டுள்ளது. 100 வாட் மின்திறனுள்ள வெப்பமின்னாக்கியை உருவாக்குவதற்கான விருப்பக் கோரிக்கையை 2021-இல் பெங்களூரின் யு.ஆர். ராவ் செயற்கைக்கோள் மையம் வெளியிட்டது. நூற்றுக்கு ஆறரை பங்கு மாற்றத்திறன் எனக் கணக்கிட்டால், 100 வாட் மின்திறனுக்கு ஏறத்தாழ 1,540 வாட் வெப்பம் வேண்டும். அதாவது, சந்திரயான்-3 சுமந்த வெப்பத்தைப் போல 770 மடங்கு. புளூட்டோனியம்-238ஐக் கொண்டு இதனை ஆக்கினால், ஏறத்தாழ 2.7 கிலோகிராம் தூய ஓரிடத்தான் தேவைப்படும். காப்பும் தகவலும் பற்றிய வினாக்களுக்கு உண்மையான கனம் வருவது இவ்விடத்திலேயே.

6. விபத்துகள் கற்பித்தவை

1964 ஏப்ரல் 21 அன்று அமெரிக்காவின் டிரான்சிட் வகைச் செயற்கைக்கோள் ஒன்று சுற்றுப்பாதையை அடையாமல் மேற்கு இந்தியப் பெருங்கடலுக்கு மேல் வளிமண்டலத்தில் எரிந்தது. அதிலிருந்த ஏறத்தாழ ஒரு கிலோகிராம் புளூட்டோனியம்-238 உயர்வளியில் நுண்துகளாகச் சிதறி, உலகம் முழுவதும் பரவியது. 'எரிந்து சிதறினால் செறிவு குறையும்' என்னும் கொள்கையே அன்றைய வடிவமைப்பின் அடிப்படை. இந்நிகழ்வுக்குப் பின் அக்கொள்கை கைவிடப்பட்டது. எந்நிலையிலும் உடையாமல் தரையையோ கடலையோ அடைய வேண்டும் என்பது புதிய விதியாயிற்று. எரிபொருள் உலோக வடிவிலிருந்து, எளிதில் தூளாகாததும் நீரில் மிக அரிதாகவே கரைவதுமான ஆக்சைடு பீங்கானாக மாறியது.

புதிய விதி விரைவிலேயே சோதனைக்குள்ளானது. 1968 மே 18 அன்று நிம்பஸ்-பி செயற்கைக்கோளின் ஏவூர்தி கலிபோர்னியக் கரையோரம் அழிக்கப்பட்டது. அதன் மின்னாக்கிகள் சில மாதங்களுக்குப் பின் கடலடியிலிருந்து உடையாமல் மீட்கப்பட்டன. அவற்றின் எரிபொருள் மீண்டும் பயன்படுத்தப்பட்டது. 1970-இல் திரும்பி வந்த அப்போலோ-13இன் எரிபொருள் குப்பி பசிபிக்கின் தொங்கா ஆழ்பள்ளத்தில் அமிழ்ந்தது. கசிவுக்கான அடையாளம் எதுவும் அளவிடப்படவில்லை. 1978-இல் கனடாவில் விழுந்த சோவியத்தின் காஸ்மோஸ்-954 இவ்வரிசையில் சேராது. அது சுமந்தது அணு உலை.

இந்தியாவுக்கும் இவ்வரலாற்றில் ஓர் இடம் உண்டு. சீன அணு ஆயுதச் சோதனைகளைக் கண்காணிக்கும் கருவியை இயக்குவதற்காக, இந்திய–அமெரிக்க உளவு அமைப்புகள் 1965-இல் புளூட்டோனிய மின்னாக்கி ஒன்றை நந்தாதேவி மலைக்குக் கொண்டுசென்றன. கேப்டன் எம்.எஸ். கோஹ்லி தலைமையிலான மலையேற்றக் குழு பனிப்புயலால் அதனை வழியிலேயே விட்டிறங்கியது. மறு ஆண்டு சென்றபோது அது அங்கே இல்லை, இன்றுவரை கிடைக்கவுமில்லை. 1978-இல் வெளிநாட்டு இதழ் ஒன்று இதனை வெளிப்படுத்திய பின்னரே, பிரதமர் மொரார்ஜி தேசாய் நாடாளுமன்றத்தில் இதனை ஒப்புக்கொண்டார். அறிவியலாளர் ஆத்மா ராம் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. நீரில் மாசு இருப்பதாக அக்குழு காணவில்லை. ஆயினும், ரிஷிகங்கைப் பகுதியில் வெள்ளப்பேரிடர் நேரும்போதெல்லாம் அக்கருவி பற்றிய அச்சம் மக்களிடையே எழுகிறது. 2021 பிப்ரவரி வெள்ளத்தின்போதும் எழுந்தது. மறைக்கப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளின் விளைவு இது எனலாம். கருவி கசிந்ததோ இல்லையோ, நம்பிக்கை கசிந்துவிட்டது.

வெப்பத்தின் ஈர்ப்பைப் பற்றிய பாடம் ஜார்ஜியாவிலிருந்து வருகிறது. 2001 டிசம்பரில் லியா என்னும் சிற்றூரை அடுத்த காட்டில் விறகு சேகரிக்கச் சென்ற மூவர், சுற்றிலும் பனி உருகியிருந்த இரண்டு உலோக உருளைகளைக் கண்டனர். கைவிடப்பட்ட சோவியத் மின்னாக்கிகளின் ஸ்ட்ரான்சியம்-90 மூலங்கள் அவை என்பதை அவர்கள் அறியவில்லை. இரவுக் குளிருக்கு அவற்றின் அருகிலேயே உறங்கினர். மூவரும் கதிர்வீச்சு நோய்க்கு ஆளாயினர். ஒருவர் 2004-இல் இறந்தார். சூடாக இருக்கும் பொருள் மனிதரை அருகே அழைக்கிறது. அது என்ன என்று சொல்லும் ஒரு வரி அறிவு அங்கே ஓர் உயிரைக் காத்திருக்கும்.

7. ஏவுதளமும் ஏரியும்

ஏவுதலில் தோல்வி என்பது எந்நாட்டிலும் முற்றிலும் நீங்குவதில்லை. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2006 ஜூலை 10 அன்றும் 2010 டிசம்பர் 25 அன்றும் ஏவப்பட்ட ஜி.எஸ்.எல்.வி. ஏவூர்திகள் புறப்பட்ட சிறிது நேரத்திலேயே வங்கக் கடலுக்கு மேல் சிதைந்தன. சந்திரயான்-3ஐக் கொண்டுசென்ற எல்.வி.எம்.3 அவ்வகையினின்று வேறானது. சிறந்த வெற்றி வரலாறு உடையது. இருப்பினும், அணைக்க இயலாத எரிபொருளைச் சுமக்கும்போது தோல்விக்கான சிறு வாய்ப்பையும் முன்கூட்டிக் கணக்கில் எடுப்பதே அறிவியல் முறை.

அமெரிக்கா இதற்கொரு முன்மாதிரியைத் தருகிறது. 2020 ஜூலையில் ஏவப்பட்ட பெர்சவரன்ஸ் ஊர்திக்கான சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை, ஏவுதலுக்கு முன்னரே பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. எரிபொருள் வெளியேறும்படியான விபத்துக்கான வாய்ப்பு 960-இல் 1 என அது மதிப்பிட்டது. எண் சிறிதா பெரிதா என்பது விவாதத்துக்குரியது. விவாதிப்பதற்கு ஓர் எண் மக்கள் கையில் இருந்தது என்பதே கருதத்தக்கது.

பன்னாட்டு நெறியும் உண்டு. 1992 டிசம்பர் 14 அன்று ஐக்கிய நாடுகள் பொது அவை ஏற்ற விண்வெளி அணு ஆற்றல் மூலங்கள் பற்றிய கோட்பாடுகள், ஒவ்வோர் ஏவுதலுக்கும் முன்னர்ப் பாதுகாப்பு மதிப்பீட்டின் முடிவுகளைப் பொதுவில் வெளியிடுமாறு கூறுகின்றன. ஓரிடத்தான் மின்னாக்கியைப் புவியின் சுற்றுப்பாதையில் பயன்படுத்தினால், பணி முடிந்தபின் அதனை உயர்ந்த சுற்றுப்பாதையில் வைக்க வேண்டும் என்றும் வகுக்கின்றன. சந்திரயான்-3இன் உந்துகலம் நிலவிலிருந்து புவியின் சுற்றுப்பாதைக்குத் திருப்பப்பட்டதை 2023 டிசம்பர் 4 அன்று இஸ்ரோ அறிவித்தது. அப்பாதையின் மிகத் தாழ்ந்த புள்ளியும் ஒரு லட்சம் கி.மீ.க்கு மேற்பட்டது. இக்கோட்பாடுகள் மின்னாற்றல் ஆக்கும் மூலங்களையே தம் எல்லைக்குள் கொள்கின்றன. ஆகவே, வெப்பத்தை மட்டும் தரும் இரண்டு வாட் வெப்பிகள் அவற்றின் நேர்ப்பொருளில் அடங்கா. வருங்காலத்து 100 வாட் மின்னாக்கியோ ஐயத்துக்கு இடமின்றி அடங்கும். இரண்டு வாட்டுக்குப் போதுமானதாக இருந்த மௌனம், நூறு வாட்டுக்குப் போதாது.

பழவேற்காட்டைப் பொறுத்தவரை அத்தகவல் எவ்வாறு அமைய வேண்டும் என்பதும் எண்ணத்தக்கது. ஏரி ஆழமற்றது, சேறும் சதுப்பும் மிக்கது. மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிரும் 'பாடு' என்னும் மரபு இன்றும் அங்கே நிலவுகிறது. எந்த இடத்தில் எவர் வலையிடுவர் என்பதைத் தம்முள் வகுத்துக்கொள்ளும் ஒரு சமூகத்துக்கு, எந்தப் பொருள் எங்கே விழக்கூடும் என்பதைப் புரிந்துகொள்வது கடினமன்று. புளூட்டோனியம் ஆக்சைடு நீரில் கரைந்து பரவுவதைவிடச் சேற்றுத் துகள்களில் பற்றிப் படிவதே மிகுதி. எனவே, மீன் நஞ்சாகிவிடும் என்னும் பேரச்சத்துக்கும், ஒன்றுமே நேராது என்னும் உறுதிமொழிக்கும் இடைப்பட்ட உண்மையை விளக்க இயலும்.

அதற்கு மூன்று செயல்கள் போதுமானவை. முதலாவது, பாதுகாப்பு மதிப்பீட்டின் சுருக்கத்தை ஏரியின் இரு மொழிகளான தமிழிலும் தெலுங்கிலும் ஏவுதலுக்கு முன் வெளியிடுதல். இரண்டாவது, கடலுக்குச் செல்ல வேண்டா என்னும் வழக்கமான அறிவிப்போடு, வலையிலோ கரையிலோ சூடான கரிய உருளை கிடைத்தால் தொடாமல் விலகி உடனே தெரிவிக்க வேண்டும் என்னும் குறிப்பையும் சேர்த்தல். மூன்றாவது, ஏரிச் சேற்றிலும் மீனிலும் உள்ள கதிரியக்க அளவை ஏவுதலுக்கு முன்பே அளந்து பதிவு செய்தல். கல்பாக்கத்தின் சுற்றுச்சூழல் ஆய்வகம் தன் கடற்கரைப் பகுதியில் இத்தகைய அளவீடுகளை நெடுங்காலமாகச் செய்து வருவதால், இது புதிய முறையன்று. முன்னளவு இருந்தால்தான், பின்னர் எழும் ஐயத்துக்கு விடை சொல்ல முடியும். நந்தாதேவியில் குறைந்தது இவ்வகை முன்னேற்பாடே.

முடிவுரை

சிதைவு வெப்பம் இயற்பியல் அளவில் எளியது. தானே பிறப்பது, தானே தேய்வது. அதனைத் தொடங்கவோ நிறுத்தவோ மனிதரால் ஆவதில்லை. மனிதர் செய்யக்கூடியவை மூன்று: ஏற்ற பொருளைத் தேர்தல், அதனை உடையாத உறையில் அடைத்தல், அதன் வழியில் வாழ்வோருக்கு அதைப் பற்றிச் சொல்லுதல். முதல் இரண்டில் உலகம் அறுபது ஆண்டுகளில் பெரிதும் முன்னேறியுள்ளது. சந்திரயான்-3இன் இரண்டு வாட் வெப்பிகளின் வழியாக இந்தியாவும் அவ்வரிசையில் இணைந்துள்ளது. மூன்றாவது, தொழில்நுட்பத்துக்குப் புறம்பான நல்லெண்ணச் செயலாகவே இன்னும் கருதப்படுகிறது. நிலவின் இரவைக் கடக்கும் இந்திய ஊர்தி ஒன்று வருங்காலத்தில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழும். அது எதைச் சுமந்து செல்கிறது என்பதை அனுப்பம்பட்டிலும் பழவேற்காட்டிலும் உள்ளோர் அன்று காலையிலேயே தம் மொழியில் அறிந்திருப்பார்களாயின், அத்தொழில்நுட்பம் நிறைவு பெற்றது எனலாம்.